‘டு’ சேர்க்காதீர்கள்

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருக்கிறேன். அச்சாகியும் விட்டது. அச்சானதுதான் கோளாறு.

எர்ணாகுளத்தில் தமிழர்கள் நடத்தும் ஒரு சங்கம் போன வருஷம் பொங்கலுக்கு, அதாவது 1965-இல், ஒரு மலர் போட்டது. மட்டாஞ்சேரிக் கடவில், தோணித்துறையில், மூட்டை தூக்குகிற பிச்சைமணி கதை எழுதுகிறானாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூட்டை தூக்குகிறவன் எழுதினால் அது ஒரு வேடிக்கைதானே. கேட்டார்கள். நாலு பக்கம் கொடுத்தேன். மலர் வந்தது. முதல் வரி இப்படி இருந்தது:

‘காலை ஏழு மணிக்கு மூப்பன் சாப்பாட்டை எறிந்தான். முந்நூறு பேர் விழுந்து பொறுக்கினார்கள்.’

நான் எழுதியது சாப்பா. பிழை திருத்துகிற புண்ணியவான், பாதியில் அறுந்துபோன சொல் என்று நினைத்து, பத்தொன்பது இடத்திலும் அதைச் சாப்பாடு ஆக்கிவிட்டார். ‘நல்லசிவம் சாப்பாட்டை மிதித்துக்கொண்டு நின்றார்’ என்று வந்திருந்ததைப் படித்துவிட்டுப் பாலக்காட்டிலிருந்து ஒரு பெரியவர் கார்டு போட்டிருந்தார். அன்னத்தை மிதிப்பது மகாபாவம், கதாநாயகனைத் திருத்தவும் என்று. இன்னொருவர், பசியின் கொடுமையைப் படம்பிடித்துவிட்டேன் என்று பாராட்டியிருந்தார்.

சாயாக்கடையில் வைத்து எல்லாருக்கும் படித்துக் காட்டிச் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. அந்த ‘டு’வை முதன்முதலில் சேர்த்தது அந்தப் புண்ணியவான் இல்லை. நான். 1953-இல், ஒரு போலீஸ் ஸ்டேஷனில்.

ஆகவே இது இரண்டாம் முறை.

(அச்சுக்கோப்பவருக்கு: ஐயா, சாப்பா என்று எங்கே கண்டாலும் அப்படியே விடுங்கள். ‘டு’ வேண்டிய இடத்தில் நானே போட்டிருப்பேன்.)

2

தொடக்கம் ஒன்று: ‘மட்டாஞ்சேரியில் விடியும்போதே காற்றில் மிளகு மணக்கும். ஜூ டவுனின் பண்டகசாலைகளிலிருந்து அது மெல்ல…’

வேண்டாம். மிளகு மணப்பது வெளியூர் மூக்குக்கு. உள்ளே நின்று சாக்கில் அள்ளுகிறவனுக்கு அது தும்மல்.

தொடக்கம் இரண்டு: ‘நல்லசிவம் ஒரு வீரர். அவர்’

இதுவும் வேண்டாம். வீரர் என்று எழுதிய கையோடு ஆளைக் கொன்று மாலை போட்டுவிடுகிறோம். நல்லசிவம் அண்ணாச்சி பீடிக்கு நெருப்பு கேட்டு இரவலாக வாங்கிய தீப்பெட்டியைத் திருப்பித் தர மாட்டார். அப்படி ஏழு தீப்பெட்டி எனக்குத் தர வேண்டும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர். கட்டை குட்டையான ஆள். இரண்டு மணங்கு மூட்டையை முதுகில் வாங்கினால் ஒரு சத்தம் கொடுப்பார், ஏப்பம் மாதிரி.

தொடக்கம் மூன்று. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

சாப்பா என்பது காலணா அளவில் ஒரு உலோக வட்டம். மலையாளத்தில் அழுத்தி ‘ச்சாப்ப’ என்பார்கள். முத்திரை என்று அர்த்தம். மாட்டுக்குச் சூடு போடுகிற குறிக்கும் அதே சொல்தான். எங்கள் ஆட்கள் வாயில் அது இளகிச் சாப்பா ஆனது. கப்பலுக்கு அறுபது ஆள் வேண்டுமென்றால் கடவில் முந்நூறு பேர் நிற்போம். காண்டிராக்டருக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிற மூப்பன் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி, அறுபது சாப்பாவையும் கூட்டத்துக்குள் வீசி எறிவான். எவன் கையில் சிக்கியதோ அவனுக்கு அன்றைக்கு வேலை. மற்றவன் வீட்டுக்குப் போகலாம். கோழிக்கு அரிசி எறிவதைப் பார்த்திருக்கிறீர்களா? கோழி கடிக்காது. நாங்கள் கடிப்போம்.

என் கூட்டாளி முகமது இஸ்மாயில் இடது சுண்டுவிரலின் பாதியை அங்கேதான் விட்டான். கடித்தது யார் என்று அவனுக்குத் தெரியும். கேட்டால் சொல்ல மாட்டான். “ஞானும் ஒருத்தன்றெ காது கடிச்சிட்டுண்டு. பின்னே எந்து பறயான்?” என்பான். தானும் ஒருத்தன் காதைக் கடித்தவன், பிறகு என்னத்தைச் சொல்ல என்று.

3

அந்தக் காலை.

மூப்பன் பேர் அப்பு. அப்பு மூப்பன் வழக்கம்போல் எறிந்தான். ஒரு சாப்பா உருண்டு நல்லசிவம் அண்ணாச்சியின் காலடிக்கு வந்தது. அவர் அதை எடுத்து, ஓங்கி, அப்பு மூப்பனின் நெற்றியைப் பார்த்து

இல்லை.

இந்த வரியை இந்தமுறை கை தானாக எழுதிவிட்டது. நன்றாகவும் இருந்தது. அண்ணாச்சியின் சம்சாரம் மூக்கம்மாள் மதினியிடம் படித்துக் காட்டினேன். மதினிக்கு எழுத்து தெரியாது. சுக்கு வெளுப்பிக்கிற பண்டகசாலையில், சுண்ணாம்புத் தொட்டியில் கை போட்டு வேலை செய்கிறது. காது மட்டும் கத்தி.

“எறிஞ்சாகளா? யாரு? அவுகளா?”

“கதைக்கு நல்லாயிருக்கும் மதினி.”

“இருக்கும் இருக்கும். மூப்பன் மண்டை தேங்கா மாதிரி பொளந்துச்சுன்னும் எழுது. இன்னும் நல்லாயிருக்கும். ஏய்யா, கீழ கெடக்கிறத எடுத்து எறியணும்னா குனியணுமில்ல? அவுக குனியலன்னுதான போலீசுக்காரன் அடிச்சான்!”

அடித்துவிட்டேன், அந்த வரியை. நடந்தது இது. சாப்பா காலடிக்கு வந்ததும் அண்ணாச்சி அதன்மேல் வலது காலை வைத்தார். அவ்வளவுதான். எடுக்கவும் இல்லை, அடுத்தவனை எடுக்க விடவும் இல்லை. பக்கத்தில் நின்ற இஸ்மாயில் அதைப் பார்த்துவிட்டுத் தன் பக்கம் விழுந்த இன்னொன்றின்மேல் கால் வைத்தான். அப்புறம் ஒவ்வொருத்தனாக. யாரும் கத்தவில்லை. முந்நூறு பேர் நிற்கிற கடவில் தண்ணீர் தோணியில் மோதுகிற சத்தம் கேட்டது.

“காலெடுக்கடா!” என்றான் அப்பு மூப்பன்.

யாரும் எடுக்கவில்லை. அறுபது சாப்பா, ஐம்பத்தொன்பது கால்.

மிச்சம் ஒன்று என் பக்கம் விழுந்தது. நான் குனிந்து, எடுத்து, மடியில் செருகிக்கொண்டேன்.

(இந்த வரி மலரில் இல்லை. திருத்துகிறவர் எடுத்தது இல்லை. நான் எழுதவே இல்லை. வீட்டில் மூன்று நாளாக உலை வைக்கவில்லை என்று ஒரு காரணம் எழுதி வைத்திருந்தேன். அங்கே நின்ற எல்லார் வீட்டிலும்தான் வைக்கவில்லை. காரணத்தை அடித்துவிட்டேன். வரி இருக்கட்டும்.)

பிறகு லத்தி வந்தது. ஓட்டம். பலபேர் தோணியில் குதித்து வைப்பின் தீவுப் பக்கம் தப்பினார்கள். அண்ணாச்சியை மத்தியானம் வீட்டில் வைத்துப் பிடித்தார்கள். என்னையும் பிடித்தார்கள். மடியைத் தடவினார்கள். சாப்பா இருந்தது.

“இவன் நல்லவனாணு,” என்றார் ஏட்டு.

என்னை உள்ளே தள்ளவில்லை. பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

4

இந்த ஸ்டேஷன் நான் கதைக்காகக் கட்டியது. ஓட்டுக்கூரை, ஒரு பெஞ்சு, ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் ஒரு கதவு. கொச்சியில் எங்கே என்று தேடாதீர்கள். அந்தக் காலத்தில் அப்படிக் கதவுகள் நிறைய இருந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி. மூட்டை தூக்கும்போது கொடுக்கிற அந்த ஏப்பச் சத்தம் அங்கேயிருந்து வந்துகொண்டிருந்தது. முதுகில் மூட்டை இல்லாமலே.

ஏட்டுக்கு வேண்டியது ஒன்றுதான். காலை ஏழு மணிக்குக் கடவில் நின்றவன் எவன்? நின்றவன்மேல் கலகக் கேஸ். நிற்காதவனை விட்டுவிடலாம்.

மதினி வந்தது. அப்போது மட்டாஞ்சேரிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மலையாளம் பிடிபடவில்லை. இரண்டு பாஷையும் தெரிந்த நல்லவன் பெஞ்சில் இருக்கிறானே.

“நின்றெ பர்த்தாவு ராவிலெ எவிடெ போயி?”

“காலையில ஒங்க வீட்டுக்காரர் எங்க போனாருன்னு கேக்காரு மதினி.” சொல்லிக்கொண்டே கண்ணால் ஜாடை காட்டினேன். மதினி என் கண்ணைப் பார்க்கவில்லை. அந்தக் கதவைப் பார்த்து, உள்ளே கேட்கட்டும் என்பதுபோலச் சத்தமாகச் சொன்னது.

“சாப்பாவுக்குப் போனாக.”

ஏட்டின் பேனா நின்றது. “எந்து? ச்சாப்பயோ?”

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருந்தது. அந்த மூச்சுக்குள் எனக்குத் தோன்றியதைக் கெட்டிக்காரத்தனம் என்று இஸ்மாயில் இன்றைக்கும் சொல்கிறான்.

“அல்ல சாரே. சாப்பாடு. ஊணு. தமிழில் ஊணினு அங்ஙனயாணு பறயுந்நது. ஊணு கழிக்கான் வீட்டில் போயி.”

“ராவிலெ ஏழு மணிக்கு ஊணோ?”

“பாண்டிகளல்லே சாரே. கிட்டும்போ தின்னும்.”

பாண்டி என்றால் தமிழன், இளக்காரமாக; கிடைத்தபோது தின்கிறவன் என்றேன். ஏட்டு சிரித்தார். வாசலில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வரும். ஏட்டு எழுதினார். ‘காலை ஏழு மணிக்கு ஊணுக்காக வீட்டிலிருந்தான்.’ மதினியின் பெருவிரலை மையில் அழுத்தினார்கள். அதற்குப் பாஷை புரியவில்லை. தன் வாய்ச்சொல்லைக் கேட்டு நாலு பேர் சிரித்தது மட்டும் புரிந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தது.

சாயங்காலம் அண்ணாச்சியை விட்டுவிட்டார்கள். ‘டு’ வேலை செய்தது. ஆனால் ‘டு’ வருவதற்கு முன்பே கதவுக்குப் பின்னால் வேலை முடிந்திருந்தது. அப்புறம் அவர் மூட்டை தூக்கவில்லை. கோழையில் ரத்தம் வந்தது. ஒன்பது மாதம் இருந்தார். நான் பார்க்கப் போகும்போதெல்லாம், “வால பிச்சமணி. ஏழு மணிக்குச் சோறு தின்ன மொத ஆளு நாந்தாம்ல,” என்பார். சிரித்தால் இருமல் வரும். இருமினால் மதினி திட்டும். என்னை.

5

ஒரு ஊர் எப்படி மறக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? நான் நினைத்திருந்தேன், பேசாமல் விட்டு விட்டு மறக்கும் என்று. அப்படி இல்லை. கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, பலகை வைத்து மறக்கிறது.

சாப்பா ஒழிந்துவிட்டது. இப்போது எங்களுக்கு நம்பர் உண்டு, முறைப்படி வேலை உண்டு. புதிதாக வந்த பையன்களிடம் சாப்பா பற்றிச் சொன்னால், “ஓ, நிங்ஙளுடெ ஒரு கத,” என்று தட்டிவிட்டு சாயா குடிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் சொன்ன கதையில்தான் சோற்றை எறிந்தார்களே.

இந்த வருஷம் தொழிலாளர்கள் ஒரு கமிட்டி போட்டார்கள். அன்று அடிபட்டவர்கள், அதனால் செத்துப்போனவர்கள் பெயரை ஒரு பலகையில் எழுதி ஆபீஸ் சுவரில் மாட்டுவது. நல்ல காரியம். நானும் கை தூக்கினேன். பலகைக்குத் தேக்கு கொடுத்தது தோப்பும்படியில் மரக்கடை வைத்திருக்கிற ஒரு பெரிய மனிதர். பெயர் அப்பு. ஆமாம், அவன்தான். இப்போது அப்புச்சேட்டன். பலகையின் அடியில் ‘உபயம்’ என்று அவன் பெயரும் வரும்.

மேலே யார் பெயர் வரும்? அதற்குக் கமிட்டிச் செயலாளர் சிவசங்கரன் ஒரு விதி கண்டுபிடித்தார். சிவசங்கரன் கெட்டவர் இல்லை, நல்ல படிப்பு. ஆளுக்கு ஆள் ஒரு பெயர் சொன்னால் சண்டை வரும், ஆகையால் வக்கீல் மூலம் போலீஸ் கேஸ் கட்டின் நகல் வாங்கலாம், அன்று கடவில் நின்றதாக அதில் யார் பெயர் உண்டோ அவர்கள் மட்டும். எல்லாரும் கை தட்டினார்கள். அடித்தவனுடைய நோட்டைப் பார்த்து அடிபட்டவன் யார் என்று முடிவு செய்கிறோம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. உட்கார்ந்திருந்தேன்.

மூக்கம்மாள் மதினி கமிட்டிக்கு வந்தது, பண்டகசாலையிலிருந்து நேராக, முழங்கை வரை சுண்ணாம்பு வெள்ளையோடு.

“எங்க வீட்டுக்காரர் பேர எழுதணும்.”

சிவசங்கரன் எழுந்து நின்று மரியாதையாகத்தான் பேசினார். “சேச்சி, எனிக்கு விரோதம் ஒண்ணும் இல்லா. பக்ஷே ரேக வேணம். ரேக இல்லாதெ எழுதான் பற்றில்லா.”

ரேக என்றால் மலையாளத்தில் ஆவணம். அது இல்லாமல் எழுத முடியாது என்கிறார். பதின்மூன்று வருஷத்தில் மதினி மலையாளம் பேசப் பழகியிருந்தது. சந்தைச் சொல், சண்டைச் சொல் எல்லாம் தெரியும். ஆபீஸ் சொல் தெரியாது. சட்டென்று வலது கையை விரித்து மேஜைமேல் நீட்டியது.

“ரேகையா? பாருங்க.”

கமிட்டி சிரித்தது. அப்புறம் அந்தக் கையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பு அடங்கியது. உள்ளங்கையில் ரேகையே இல்லை. சுண்ணாம்பு தின்றுவிட்டிருந்தது. பாளம் பாளமாக வெடிப்பு மட்டும்.

சிவசங்கரன் நகலை எடுத்துப் படித்தார். ‘காலை ஏழு மணிக்கு ஊணுக்காக வீட்டிலிருந்தான். மனைவியின் வாக்குமூலம்.’ “இது சேச்சி பறஞ்ஞதல்லே? விரலடையாளம் உண்டு.”

மதினி அதைத் திரும்பப் படிக்கச் சொன்னது. இந்தமுறை பாஷை புரிந்தது. என் பக்கம் திரும்பவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“ஏழு மணிக்கு எவன்யா சோறு திம்பான்? எங்க வீட்டுல காலையில பானை கவுந்து கெடக்கும். அவுக சாப்பா எடுத்துட்டு வந்தாத்தான் பொழுதடஞ்சு சாப்பாடு. சாப்பா இல்லாம சாப்பாடு ஏது? இத்தன பேரு இருக்கீகளே, எல்லாரும் அந்தக் கடவுல நின்னவுகதான, ஒருத்தருக்குமா தெரியல, இது பொய்யின்னு?”

தெரியும். எல்லாருக்கும் தெரியும்.

6

நான் எழுந்தேன். இதை மிடுக்காக எழுத மூன்று தரம் முயன்றேன். ‘என் குரல் கணீரென்று’… இல்லை. ‘கூட்டம் அதிர்ந்து’… அதுவும் இல்லை. மடியில் செருகிய சாப்பாவில் தொடங்கி, பெஞ்சு, ஏட்டு, ‘பாண்டிகளல்லே சாரே’ வரை ஒன்று விடாமல் சொன்னேன்.

“அப்போ அன்னு நீ போலீஸின்றெ ஆளாயிருந்நு,” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

சிவசங்கரன் கையமர்த்தினார். “பிச்சமணி, அன்னு பொய் பறஞ்ஞது நீ. இன்னு பறயுந்நது சத்யமாணெந்நு எங்ஙன எழுதும்?”

இன்றைக்குச் சொல்வது மட்டும் நிஜமென்று எப்படி எழுதுவது? நியாயமான கேள்வி. பதில் இஸ்மாயிலிடம் இருந்தது. பாதி விரலை உயர்த்திக்கொண்டு எழுந்தான்.

“என்றெ ஸ்டேட்மென்ட் வாயிக்கு சாரே.”

சிவசங்கரன் தேடிப் படித்தார். ‘காலை ஏழு மணிக்குப் பள்ளிவாசலில் தொழுகையிலிருந்தேன்.’

“ஏழு மணிக்கு ஏது நிஸ்காரம்? ஞான் கடவிலாயிருந்நு. இவன்றெ வாயிக்கு. அவன்றெ வாயிக்கு.”

ஒருவன் பல்வலிக்கு வைத்தியரிடம். ஒருவன் பெண்டாட்டி பிரசவத்துக்கு, கல்யாணமே ஆகாதவன். ஒருவன் தோப்பும்படியில் மீன் வாங்க. பிடிபட்ட அத்தனை பேரும் வேறெங்கோ இருந்திருக்கிறோம். உயிர் பிழைக்க எல்லாரும் சொன்ன பொய்யை அடுக்கிப் பார்த்தால், அன்று காலை அந்தக் கடவில், பேசமுடியாதபடி அடிபட்ட நாலு பேரைத் தவிர ஒரு நாய்கூட இல்லை. அப்பு மூப்பன் காற்றில் எறிந்திருக்கிறான்.

சிவசங்கரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆலோசிக்காம்,” என்றார். எழுதுகிறவன் நாலு பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, மிச்சத்தை எழுதட்டும் என்று தீர்மானம்.

மிச்சம் என்றால் உபயம்.

7

முடிவுகள்.

முதல் முடிவு: கமிட்டி மனம் மாறி, நல்லசிவம் பெயரைப் பொன்னெழுத்தில் எழுதுகிறது. மதினி முந்தானையால் கண்ணைத் துடைக்கிறது. மலருக்குக் கொடுக்கலாம். மதினி முந்தானையால் துடைத்து நான் பார்த்தது சாயா கிளாஸைத்தான்.

இரண்டாம் முடிவு: மதினி கோடாலியால் பலகையைப் பிளக்கிறது. படித்துக் காட்டினேன். “தேக்கு என்னய்யா செஞ்சுது, பாவம்?” என்றது.

மூன்றாவது, முடிவு ஆகாதது. இன்றைக்கு நடந்தது. மத்தியானம். பலகை ஆபீஸ் தரையில் மல்லாந்து கிடக்கிறது. எழுதுகிறவன் பெயர் வெங்கிட்டு. பாலக்காட்டுத் தமிழன், முப்பது வயதிருக்கும், கொச்சிக்கு வந்து ஆறு மாதம். நாலு பெயர் எழுதி, ஒரு வரி விட்டு, அடியில் உபயமும் எழுதி முடித்துவிட்டான். எழுத்து காய்ந்துகொண்டிருக்கிறது. மதினி உள்ளே வந்தது. யாரிடமும் பேசவில்லை. பலகையைச் சுற்றி வந்து ஒரு எழுத்தைக் காட்டி, “இது யார் பேரு?” என்று வெங்கிட்டுவைக் கேட்டது.

“அப்புச்சேட்டன் பேராக்கும் மாமி.”

மதினி வலது காலைத் தூக்கி அதன்மேல் வைத்தது.

அவ்வளவுதான். வைத்துக்கொண்டு நின்றது. இஸ்மாயில் ஓடிவந்தான், பார்த்தான், திரும்பிப் போய் மற்றவர்களைக் கூட்டி வந்தான். சிவசங்கரன் வந்தார். பதறிவிட்டார், வைகுந்நேரம் உத்காடனம், சாயங்காலம் திறப்புவிழா, அப்புச்சேட்டன் வருவார்.

“சேச்சி, காலெடுக்கு. தயவு செய்து காலெடுக்கு.”

சொன்ன பிறகு அவருக்கே கேட்டது, தான் சொன்ன சொல். வாயைப் பொத்திக்கொண்டார்.

“பேர எழுது. எடுக்கேன்,” என்றது மதினி. “பேரு மட்டும் போதாது. காலையில ஏழு மணிக்கு எங்க போனாகன்னும் எழுது. ஏ பிச்சமணி, நீதான அன்னைக்கு மாத்திச் சொன்ன? இன்னைக்கு நீயே சொல்லு அவனுக்கு.”

வெங்கிட்டு பிரஷ்ஷைச் சாயத்தில் தோய்த்துக்கொண்டு அந்த வெற்று வரிக்கு மேல் குனிந்தான். நான் ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னேன். அவன் எழுதினான். ஒரு இடத்தில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“சாப்பான்னு சொன்னேளே… சாப்பாடுதானே அண்ணா? ‘டு’ போடட்டுமா?”

8

என் வாயிலிருந்து இனி ஒரு எழுத்து வராது. ஒருமுறை நான் முடித்த சொல் அது. முடித்த விதம் தெரியும் உங்களுக்கு.

மூட்டை கனமென்றால் பாதி வழியில் தோள் மாற்றுவோம். மாற்றுகிறவன் ‘பிடி’ என்று மட்டும் சொல்வான். அடுத்தவன் வாங்காவிட்டால் அது கீழே விழும், விழுந்தால் சாக்கு கிழியும். இப்போது அறையில் இருக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிவசங்கரன் கடிகாரத்தைப் பார்க்கிறார். இஸ்மாயில் தன் காலைப் பார்க்கிறான். மதினி யாரையும் பார்க்கவில்லை, காலை எடுக்கவும் இல்லை, எடுக்காது. வெங்கிட்டு பதிலுக்காக நிமிர்ந்திருக்கிறான். இப்போது அவன் பார்ப்பது என்னை இல்லை. இதுவரை எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிற உங்களை.

பலகையில் இந்த நிமிஷம் இருப்பதை அப்படியே தருகிறேன். பிரஷ்ஷில் சாயம் காய்கிறது. பிடியுங்கள்.

நல்லசிவம். காலை ஏழு மணிக்குப் போனது சாப்பா